கும்பிடாத மாமனார்

கம்போன்,

கூடையில் ஒட்டரிசிச் சோறு இருக்கிறது. கோழியைச் சுடவைத்துச் சாப்பிடுங்கள். நான் திரும்பவும் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன்.

“நான் கும்பிட்டா உங்கப்பா திருப்பிக் கும்பிட மாட்டேங்குறாரு, அவ்வளவு திமிரு!” என்று நேற்று குதித்தீர்களே, இன்று காலை வார்டுக்கு வந்த புத்த பிக்குவையே அவர் கும்பிடவில்லை! கையில்தான் ஏதோ கோளாறு என்று தோன்றியது. நர்சை விடாமல் நச்சரித்தேன். அன்று அப்பா வார்டுக் கழிவறையில் விழுந்தபோது இடுப்பை மட்டும்தான் படம் எடுத்தார்களாம். தோளையும் எடுத்துப் பார்த்தால், காறை எலும்பு முறிந்திருக்கிறது. வலிக்குதா என்று கேட்டவர்களிடமெல்லாம் “பரவால்லம்மா” என்றே சொல்லியிருக்கிறார், மகராசன்.

சாயங்காலம் வந்து ஒழுங்காகக் கும்பிடுங்கள். தலையை மட்டும் ஆட்டுவார்.

புத்சபா

பி.கு.: எலும்பு கூடிய பிறகும் கும்பிடாவிட்டால் அது திமிர்தான். அப்போது நானும் உங்கள் கட்சி.