இரைச்சல் என்று கழிக்கப்பட்டது

14 ஜூலை 2003. எனக்கு எழுபத்தொரு வயதும் மூன்று மாதமும்.

மகள் உமா தன் ஆராய்ச்சியைக் காட்ட மட்டாஞ்சேரி வீட்டுக்கு மடிக்கணினியோடு வந்தாள். வீடியோவைச் சுருக்க நியூரல் நெட்வொர்க் ஒன்றைப் பழக்கியிருக்கிறாள். ஒரு படத்தைப் பார்த்து அடுத்ததை அது ஊகிக்குமாம். ஊகத்துக்குள் அடங்காத சிற்றசைவுகளை இரைச்சலென்று கழித்துவிடுமாம். சோதனைக்கு எடுத்தது அவளுடைய கல்யாணக் கேசட்.

திரையில், மறைந்த என் கணவர் சிலைபோல் அமர்ந்திருந்தார்.

“அப்பா கை நடுங்கிக்கிட்டே இருக்குமே, அது எங்கடீ?”

“அது நாய்ஸுன்னு போயாச்சும்மா. ஃபைலு எத்தனை சின்னதாச்சு பாரு! அப்பாவும் இப்பத்தான் அடங்கி இருக்கார், கேட்டியா?” என்று சிரித்தாள்.

மணவாழ்க்கை முழுவதும் என்னால் இயலாததை ஒரு நிரல் செய்துவிட்டது. பாராட்டத்தான் வேண்டும்.

கேசட்டில் பூஞ்சை பிடித்துவிட்டது, எறிந்துவிடலாம் என்றாள். வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினேன். சாயா கொடுத்தேன். அவள் கையிலிருந்த கோப்பை தட்டில் ஓயாமல் தாளமிட்டது. தூக்கம் போதவில்லையாம்.

அப்பாவின் நடுக்கம் முதுமையால் வந்தது என்றே அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அது தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு இறங்கக்கூடிய நோயென்று, அவளுடைய கல்யாணத்துக்கு முன்பே மருத்துவர் என்னிடம் சொல்லியிருந்தார்.