பட்டியலில் முதல் பெயர்

அருமை மகள் வாலுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பாவின் முழங்கால் வலி, என் சர்க்கரை, அண்ணனின் வேலைப் பளு எல்லாம் போன வாரம் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன். சில நாளாக அம்மா போனையே எடுக்கவில்லையே என்று தவித்திருப்பாய். அப்பாவும் "அம்மா கொஞ்சம் வேலையா இருக்கா" என்று மென்று முழுங்கியிருப்பார். எனக்கு ஒன்றும் இல்லையம்மா. போனைத் தொடக் கூடாது என்று தண்டனை, அவ்வளவுதான். யார் கொடுத்தார்கள், எதற்குக் கொடுத்தார்கள் என்பதை வரிசையாகச் சொல்கிறேன். நின்றுகொண்டே படிக்காதே, உட்கார்ந்து படி.

உன் கட்டுரை வந்த பத்திரிகையை அண்ணன்தான் கொண்டுவந்தான். லிஃப்ட் பழுது பார்த்த கிரீஸ் கையோடு, தாள் அழுக்காகக் கூடாதென்று இரண்டு விரல் நுனியால் பிடித்துக்கொண்டு வந்தான். போட்டோவில் இளைத்திருக்கிறாய். சரி, அதை விடு. அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சத்தமாகப் படித்தார். சின்ன வயதில் ஆடிய கம்ப்யூட்டர் விளையாட்டுகள்தான் உன்னை விளையாட்டு செய்கிறவளாக ஆக்கின என்று எவ்வளவு அழகாக எழுதியிருக்கிறாய்! அந்தக் கார் ஓட்டும் விளையாட்டில் வளைவு வரும்போதெல்லாம் நீயும் அண்ணனும் நாற்காலியோடு சாய்ந்து விழுந்ததைப் படித்ததும் அப்பா பத்திரிகையை மடியில் போட்டுவிட்டுச் சிரித்தார். பாட்டு வராத அந்தக் கம்ப்யூட்டரிலிருந்து வந்த 'கீய்ங் கீய்ங்' சத்தத்தைக்கூட நீ மறக்கவில்லை.

அப்புறம் குண்டுமணியைப் பற்றிய பகுதி வந்தது. சுரங்கத்துக்குள் தலையில் விளக்கோடு ஓடும் அந்தக் குள்ள ஆளுக்கு நீதானே குண்டுமணி என்று பெயர் வைத்தாய்? ஏணியில் ஏறி, சாவியை எடுத்து, நூலில் தொங்கும் சிலந்தியிடம் மாட்டாமல் தண்ணீர் ஏறுவதற்குள் கதவைத் திறக்க வேண்டும். ஆட்டம் முடிந்ததும் அதிகப் புள்ளி எடுத்த பத்து பேரின் பட்டியல் வரும். ஒவ்வொருவருக்கும் மூன்று எழுத்துதான் இடம். அதில் உன் பெயருக்கும் அண்ணன் பெயருக்கும் மேலே, எட்டாத உயரத்தில், யாரென்று தெரியாத ஒரு 'ஜே ஜே ஜே', நாம் சுருக்கி ஜேஜே என்போமே, அது உட்கார்ந்திருந்ததை எழுதியிருந்தாய். நம் வீட்டில் அந்த எழுத்தில் தொடங்கும் பெயர் யாருக்கும் கிடையாது. கடைசியில் அண்ணனே ஒப்புக்கொண்டான் என்றும், அந்தப் பொய்யனின் பெயரை அழிப்பதற்காகத்தான் விளையாட்டின் உள்ளே என்ன இருக்கிறது என்று முதல்முதலாகத் திறந்து பார்த்தாய் என்றும், இன்று இந்தத் தொழிலில் நீ நிற்பதற்கு அதுதான் ஆரம்பம் என்றும் முடித்திருந்தாய்.

அப்பா கைதட்டினார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான். எனக்குத் திருடனுக்குத் தேள் கொட்டியது போல் ஆயிற்று. கத்தவும் முடியவில்லை, சும்மா இருக்கவும் முடியவில்லை.

வாலு, அந்த ஜேஜே அண்ணன் இல்லை. நான்.

கடிதத்தைக் கீழே வைத்துவிடாதே, மேலே படி. அப்பாவுக்கு மாற்றல் வந்து அந்த மாடி வீட்டுக்குக் குடிவந்தோமே, ஞாபகமிருக்கிறதா? பழைய ஊரில் எனக்கு டைப்பிஸ்ட் வேலை இருந்தது. நிமிடத்துக்கு அறுபது சொல் அடிப்பேன். மேலாளரே மற்றவர்களை என் மேசைக்கு அழைத்துவந்து பார்க்கச் சொல்வார். மாற்றலோடு அந்த வேலை போயிற்று. புது ஊரில் யாரையும் தெரியாது. காலை எட்டரைக்கு நீங்கள் மூன்று பேரும் படியிறங்கிப் போனால், அதன் பிறகு அந்த வீட்டில் என்னோடு பேசுவது குழாய் மட்டும்தான். யாரிடமும் குறை சொல்லவில்லை. சொல்வதற்குக் குறை என்று ஒன்று இருந்ததாகவும் அப்போது தோன்றவில்லை.

அப்பாவின் அலுவலகத்தில் கழித்துப்போட்ட கம்ப்யூட்டர் வீட்டுக்கு வந்தபோது நான் எவ்வளவு கத்தினேன் என்பது உனக்குத் தெரியும். கண் கெடும், புத்தி மழுங்கும், ஒரு நாளைக்கு அரை மணி நேரம்தான் என்றெல்லாம் சட்டம் போட்டவள் நான். படுக்கையறை மூலையில் அதற்கு உறை தைத்துப் போட்டவளும் நான்தான். ஒருநாள் தூசி தட்டுவதற்காக உறையை எடுத்தேன். கீபோர்டைப் பார்த்ததும் விரல்கள் தாமாகவே போய் அதன்மேல் உட்கார்ந்துகொண்டன. நீங்கள் செய்வதைப் பார்த்துப் பார்த்து எப்படித் தொடங்குவது என்பது எனக்குத் தெரியும். ஒரே ஒரு முறை என்றுதான் நினைத்தேன். கடிகாரத்தைப் பார்த்தபோது பகல் ஒன்றரை! அடுப்பில் வைத்த பாத்திரம் கரியாகியிருந்தது. அன்று சாயங்காலம் நீங்கள் கேட்டதற்கு, கேஸ் சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

முதல் வாரம் முழுக்கச் சிலந்தியிடம்தான் செத்தேன். அப்புறம் பழைய கை திரும்பியது. ஆட்டம் முடிந்து முதல் தடவை பெயர் கேட்டபோது என்ன போடுவதென்று தெரியவில்லை. டைப்ரைட்டிங் படித்தவர்களுக்கு வலது ஆள்காட்டி விரல் ஓய்வெடுக்கும் இடம் ஜே எழுத்துதான். பதற்றத்தில் அதையே மூன்று தடவை அழுத்தினேன். அழிக்கத் தெரியவில்லை. பத்து வருஷம் கம்ப்யூட்டர் படித்த உனக்கு இந்தச் சின்ன விஷயம் பிடிபடவில்லையே!

அதன்பிறகு தினமும் இரண்டு மணி நேரம். கதவைத் தாழிட்டுக்கொண்டு, சத்தம் வெளியே போகாமல் பெட்டிமேல் துண்டைப் போட்டு மூடிவிட்டு ஆடுவேன். கீழ்வீட்டில் நர்ஸ் ஒருத்தி இருந்தாள் அல்லவா? இரவு வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவள். ஒருநாள் அவள் மேலே வந்து, "அக்கா, பகல்ல ஏன் இப்படித் தரைய உதைக்கிறீங்க?" என்று கேட்டாள். கரப்பான் பூச்சி என்றேன். பாவம், மருந்து வாங்கிவந்து கொடுத்தாள்.

நான் நினைத்தும் பார்க்காதது, உங்கள் சண்டை. உனக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் அண்ணனுக்குப் பள்ளிக்கூடம் விட்டுவிடும். அந்த நேரத்தில் அவன் திருட்டுத்தனமாக ஆடுகிறான் என்று நீ பிடித்துக்கொண்டாய். "நீதானே ஜேஜே? உண்மையைச் சொல்லு" என்று நீ அவன் சட்டையைப் பிடித்து உலுக்க, "சத்தியமா நான் இல்ல, வேணும்னா அம்மாவைக் கேளு" என்று அவன் கத்த, நான் சமையலறையில் பாத்திரத்தைக் கழுவினதையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தேன். அரை மணிச் சட்டம் போட்ட வாயால் எப்படி ஒப்புக்கொள்வது? நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். அதற்குள் ஒருநாள் சாயங்காலம் அண்ணன் தானாகவே வந்து, "ஆமா, நான்தான் ஜேஜே, போதுமா?" என்றான். பொய் சொன்னதற்காக அப்பா அவனை ஒரு மாதம் கம்ப்யூட்டரைத் தொடவிடவில்லை. நீ பதினைந்து நாள் அவனோடு பேசவில்லை. உன் தொல்லை பொறுக்காமல் ஒப்புக்கொண்டிருப்பான் என்றுதான் நானும் நினைத்தேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

அந்த ஒரு மாதமும் நான் ஆடாமல் இருந்தேன் என்று சொன்னால் அது இன்னொரு பொய். ஆடினேன். பெயர் கேட்பதற்குள் சுவரில் சுவிட்சை அணைத்துவிடுவேன். ஜெயித்ததைப் பட்டியலில் போடக்கூட முடியாமல் ஒரு ஜெயிப்பு! அது எனக்குச் சரியான தண்டனைதான்.

அச்சகத்தில் எனக்கு வேலை கிடைத்த கதையும் உனக்குப் பாதிதான் தெரியும். அப்பா சிபாரிசு செய்தார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். இல்லை. எழுத்துக் கோக்கும் வேலைக்குக் கம்ப்யூட்டர் தெரிந்த ஆள் தேவை என்று வாசலில் எழுதிப் போட்டிருந்தார்கள். குண்டுமணியில் பதினான்காம் கட்டத்தைத் தாண்டிய அன்று, அந்தத் தைரியம் ஆறுவதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு போய் நின்றேன். அச்சக முதலாளி, "கம்ப்யூட்டர்ல பழக்கம் உண்டாம்மா?" என்று கேட்டார். தினமும் இரண்டு மணி நேரம் என்றேன். "என்ன மாதிரி வேலை?" என்றார். "சுரங்கம் சம்பந்தமா, சார்" என்று சொல்லிவிட்டேன். அவர் ஏதோ பெரிய கம்பெனி என்று நினைத்துக்கொண்டு எழுந்தே நின்றுவிட்டார். ஒரு பக்கம் அடித்துக் காட்டச் சொன்னார். நான் அடித்து முடித்தபோது அவர் தன் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார். அங்கே பத்தொன்பது வருஷம் வேலை பார்த்தேன். நான் ஓய்வு பெற்ற நாளில்கூட, "சுரங்கத்துல இருந்து நமக்குக் கிடைச்ச தங்கம்" என்று மேடையில் பேசினார் அந்த மனுஷன். நான் சிரிப்பை அடக்கியதை, அழுகிறேன் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

இத்தனை வருஷமும் என்னை உறுத்தியது நம் வீட்டில் புழங்கிய அந்தச் சொல். யார் புளுகினாலும் "ஜேஜே விடாதே" என்போம். அண்ணன் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டார் எதிரிலேயே, "எங்க அண்ணன் சொல்றதை நம்பாதீங்க, அவன் பெரிய ஜேஜே" என்று நீ சொன்னாய். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். நான் மட்டும் தண்ணீர் எடுக்கப் போவது போல உள்ளே போய்விட்டேன். அது வீட்டுக்குள் புழங்கிய பேச்சு. இப்போது அச்சிலேயே வந்துவிட்டது. இதற்குமேலும் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா?

அதனால் போன ஞாயிற்றுக்கிழமை அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். எப்படியோ சொல்லி முடித்தேன். அவன், "தெரியும்மா" என்றான்.

எப்படித் தெரியும் என்றேன். ஒன்பதாம் வகுப்பில் ஒருநாள் வயிற்று வலி என்று பாதியிலேயே அனுப்பிவிட்டார்களாம். படியேறி வந்து கதவைத் தட்டக் கையை ஓங்கினவனுக்கு உள்ளே யாரோ சிரிக்கிற சத்தம் கேட்டிருக்கிறது. ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறான். கொண்டையில் பென்சிலைச் செருகிக்கொண்டு நான் இரண்டு கையையும் தட்டித் துள்ளிக்கொண்டிருந்தேனாம். "அந்த ஊருக்கு வந்த பிறகு நீ சிரிச்சு நான் பார்த்ததே இல்லம்மா. தட்டினா நிறுத்திடுவியேன்னு தோணிச்சு" என்றான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் கீழே படிக்கட்டில் உட்கார்ந்திருந்துவிட்டு, அதற்குப் பிறகு வந்து கதவைத் தட்டியிருக்கிறான். அன்று சாயங்காலம்தான் உன்னிடம் வந்து, நான்தான் ஜேஜே என்று சொன்னது.

பதினான்கு வயதுப் பிள்ளை, வாலு. நான் என்ன செய்வேன், சொல்லு? அழுதேன். "அழாதே, எனக்கு ஆறாம் கட்டமே தாண்டத் தெரியாது, என்னைப் போய்ப் பெரிய ஆட்டக்காரன்னு அவ இத்தனை வருஷம் நம்பினாளே, எனக்கு அதுல பெருமைதான்" என்றான். அழுதுகொண்டே சிரித்தேன்.

சத்தம் கேட்டு வந்த அப்பாவிடமும் சொன்னோம். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, நீதிபதி மாதிரி யோசித்தார். "அப்போ அநியாயமா ஒரு மாசம் உள்ள இருந்தவன் இவன். அதே ஒரு மாசத்தை இப்போ நீ அனுபவிக்கணும். போன், கம்ப்யூட்டர், டிவி எதையும் தொடக் கூடாது" என்று தீர்ப்புச் சொன்னார். தலை வணங்கி ஏற்றுக்கொண்டேன். உனக்கு நான் காகிதத்தில் எழுதுவது இதனால்தான். போனை அவர் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு அலைகிறார். மணி அடித்தால் எப்படி எடுப்பதென்று தெரியாமல் என்னிடமே ஓடிவருகிறார்.

இனி உன் விஷயம். இரண்டு வருஷம் கண்விழித்து நீயும் நண்பர்களும் செய்த விளையாட்டைச் சொற்பப் பேர்தான் ஆடுகிறார்கள், யாருக்காகச் செய்கிறோம் என்றே தெரியவில்லை, விட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன் என்று போன மாதம் சொன்னாய். அன்று எனக்குப் பதில் தெரியவில்லை, "உடம்பைப் பார்த்துக்கோ" என்று மட்டும் சொன்னேன். இப்போது சொல்கிறேன். குண்டுமணியைச் செய்தவன் யாரோ, எந்த நாட்டுக்காரனோ. ஒரு மாடி வீட்டு மூலையில், பெட்டியைத் துண்டால் மூடிக்கொண்டு ஒருத்தி அதை ஆடினாள் என்பது அவனுக்குத் தெரியாது. அவளுக்குச் சிரிப்பு திரும்பியது, வேலை கிடைத்தது, அவள் மகளும் விளையாட்டு செய்கிறவளாக ஆனாள் என்பதும் தெரியாது. யாரும் அவனுக்கு ஒரு வரி எழுதிப்போடவில்லை. உன் சொற்பப் பேரிலும் அப்படி ஒருத்தி இருப்பாள். அவளும் உனக்கு எழுத மாட்டாள். ஆடத்தான் அவளுக்கு நேரமிருக்கும். விட்டுவிடுவதா வேண்டாமா என்பது உன் முடிவு. அவளையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு முடிவு செய், அவ்வளவுதான் கேட்கிறேன்.

இதைப் படித்ததும் அண்ணனுக்கு ஒரு போன் போடு. மன்னிப்பெல்லாம் கேட்டுவைக்காதே, கூச்சத்தில் நெளிந்துவிடுவான். வயிற்று வலியோடு ஒரு மணி நேரம் படிக்கட்டில் உட்கார்ந்ததற்கு நாலு திட்டு திட்டு, அது போதும். அவனுக்குப் புரியும். அவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்கும் உன் குரல் கேட்கும். அப்படிக் கேட்பது தண்டனையை மீறியதாகாது என்று அப்பாவிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கிவைத்திருக்கிறேன்.

நீ எதைச் செய்தாலும் கை வேகமாகவும் மனசு லேசாகவும் இருக்க வேண்டும் என்று வாழ்த்தும்,
உன் அம்மா