உப்புத் தண்ணீரில் குழைத்த வீடு

மேல்மாடியில் எழுப்பிய புதுச் சுவருக்கு உங்கள் மகன் இன்று காலை ஹோஸ் பைப்பால் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தான். ஈர சிமெண்ட் வாசனை கீழே சமையலறை வரைக்கும் வந்தது. எனக்கு அந்த வாசனை ஆகாது. அவனிடம் சொன்னால் "அம்மா ஆரம்பிச்சுட்டாங்க" என்பான். அதனால் உங்களிடம் சொல்கிறேன். கேட்பதைத் தவிர உங்களுக்கு இப்போது வேறு வழியில்லை.

உங்களுக்கும் சிமெண்டைக் கண்டால் ஆகாதே. எண்பதுகளின் கடைசியில் ஆரோவில்லில் மண் வீடு கட்டும் வேலைக்குப் போனவர், நம் ஊர் மரக்காணத்திலும் ஒன்று கட்டியே தீருவேன் என்று நின்றீர்கள். "வீடுன்னா மூச்சு விடணும். ஃபேனு எதுக்கு, கடல்காத்து போதும்" என்பீர்கள். உங்கள் அம்மா வீட்டில் அண்ணன் தம்பி குடும்பமெல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தோம். வீடு மூச்சு விட்டால் என்ன, விடாவிட்டால் என்ன? நீங்கள், நான், பிள்ளை மட்டும் இருந்து, உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்ள ஒரு கதவு வேண்டும். எனக்கு அவ்வளவுதான்.

நல்ல மண் தேடி நீங்கள் ஊர் ஊராக அலைந்து, கடைசியில் பக்கத்துப் பிரம்மதேசம் கிராமத்திலிருந்து மாட்டுவண்டியில் செம்மண் வந்தது. மூங்கில், பனையோலை, வைக்கோல் எல்லாம் பார்த்துப் பார்த்து வாங்கினீர்கள். தண்ணீரைப் பற்றித்தான் யாரும் யோசிக்கவில்லை. நம் ஊரில் நல்ல தண்ணீர் என்றால் குடிக்கவும் சோறாக்கவும் மட்டும். மற்ற எல்லாவற்றுக்கும் கிணற்று உப்புத் தண்ணீர். தூரத்துப் பம்பிலிருந்து நான் சுமந்து வந்த குடத்தில் நீங்கள் சேற்றுக் கையை விட்டதற்கே, பெற்ற மகனென்றும் பார்க்காமல் மாமி சத்தம் போட்டார்கள். "குடிக்கிற தண்ணியிலயாடா கை கழுவுற? அல்லாவுக்குப் பொறுக்குமா?" அந்தத் தண்ணீரைச் சுவருக்கு ஊற்றலாம் என்று இங்கே பிறந்த எவருக்கும் தோன்றியிருக்காது. கிணற்றிலிருந்து இறைத்து இறைத்து மண்ணைக் குழைத்தோம்.

அந்தக் கோடை நமக்கு ராஜ வாழ்க்கை. வெளியே உப்பளம் கண்ணைக் கூசும், உள்ளே வந்தால் குளுகுளுவென்று இருக்கும். பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, சுவரில் சாய்ந்து, பாடத் தெரியாமல் பாடுவீர்கள். அதற்கு முன்னும் பின்னும் நான் அப்படிச் சந்தோஷமாக இருந்ததில்லை.

பிறகு சுவரில் வெள்ளையாகப் பூத்தது. துடைத்தால் மறுபடி பூத்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தீர்கள். "உப்பு" என்றீர்கள். சுவர் மாவாக உதிர ஆரம்பித்தது. ஐப்பசி மழையில் ஒரு மத்தியானம் வடக்குச் சுவர் அப்படியே உட்கார்ந்துவிட்டது. நல்லவேளை, நாம் வெளியே இருந்தோம். "இன்னா பாய், உப்பளத்துலயே பாயப் போட்டுக்க வேண்டியதுதான?" என்று கடைத்தெருவில் கேட்டுச் சிரித்தார்கள்.

"நல்ல தண்ணியில இன்னொரு தடவ கட்டலாங்க. நான் சுமக்கிறேன்" என்றேன்.

"எவ்ளோ கொடந்தான் சுமப்ப? சவுதிக்குப் போய்ட்டு வந்துடறேன். சிமெண்ட்லயே கட்டிட்டு ஒண்ணா இருக்கலாம்."

அங்கிருந்து கேசட்டில் பேசி அனுப்பினீர்கள். எல்லாரும் சுற்றி உட்கார்ந்து கேட்டோம். "இங்க சிமெண்ட் கலக்க நல்ல தண்ணிதான் லாரியில வருது. உப்புத் தண்ணிய கிட்டயே சேக்க மாட்டேங்கறாங்க" என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தீர்கள். சிரிப்பு சரியாக வரவில்லை. மாமி எழுந்து உள்ளே போய்விட்டார்கள்.

அதற்கப்புறம் வந்தது நீங்கள் மௌத்தான செய்திதான். நெஞ்சுவலி என்றார்கள். அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். கம்பெனியில் கொடுத்த பணத்தில்தான் இந்த வீடு எழுந்தது. எந்தப் புயலுக்கும் அசையவில்லை. வீடு கிடைத்துவிட்டது, ஒன்றாக இருப்பதுதான் இல்லை. எதற்காகப் போனீர்கள் என்று இந்தச் சுவர்களைப் பார்த்துக் கோபப்படுகிறேன். யாருக்கு என்ன பிரயோஜனம்?

கப்ரில் பிடி மண் போட உங்கள் மகனுக்குக் கொடுத்துவைக்கவில்லை. அங்கே வேலை பார்த்துத் திரும்பிய ஒருவரிடம், அந்த ஊர் மண் எப்படியிருக்கும் என்று கேட்டேன்.

"மண்ணு எங்க இருக்குது? வெறும் மணல். கையில புடிச்சா நிக்காது" என்றார்.

கேட்காமலே இருந்திருக்கலாம். அதைத்தான் இன்னும் சுமந்துகொண்டு திரிகிறேன். நல்ல மண்ணுக்காக ஊர் ஊராக அலைந்த மனுஷர் மேல், முகம் தெரியாத யார் யாரோ அந்த மணலை அள்ளிப் போட்டிருக்கிறார்கள்.