பூசணிக்காய் வாங்கிக் கொடுத்தவன்

கள்ளக்குறிச்சி
4.8.2025

அன்புள்ள வேந்தனுக்கு,

தனசேகரன் எழுதுவது. பத்து நாளாக நீ போனை எடுக்கவில்லை. கடிதம் என்றால் பிரிக்காமல் இருக்க மாட்டாய்.

நேற்றும் ஆஸ்பத்திரியில் மலர்விழியைப் பார்த்தேன். இடுப்பில் இரண்டு ஆபரேஷன் ஆகிவிட்டது. இனி நாற்று நடக் குனிய முடியாது என்கிறார் டாக்டர். கல்வராயன் மலையில் உங்கள் சீரியலுக்குக் கூட்டமாக ஓட நான் அனுப்பிய இருபது பேரில் அவளும் ஒருத்தி. உங்கள் மழை மெஷின் நனைத்த பாறையில்தான் விழுந்தாள். கம்பெனியிலிருந்து ஒரு ஆள் எட்டிப் பார்க்கவில்லை. அவள் அம்மா குஞ்சம்மாள் தினம் கடைக்கு வந்து, "இன்னா தம்பி, உன்ன நம்பித்தானே அனுப்புனேன்" என்கிறார். பந்தலும் நாற்காலியும் வாடகைக்கு விட்டுப் பிழைக்கிறவன், என்ன பதில் சொல்வேன்? மேனேஜர் நீதான். நீயே வந்து சொல்.

உன்
தனசேகரன்


சென்னை
9.8.2025

அன்பு மச்சான்,

கோபப்படாதே. போனில் பேசக்கூடாது என்று வக்கீல் சொல்லியிருக்கிறார்.

லைட்மேன் ஒருவர் புகார் எழுதி, தொழிலாளர் சங்கத்தில் விசாரணைக் குழு போட்டுவிட்டார்கள். இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். மலர்விழி செல்பி எடுக்கத் தானாகவே பாறையில் ஏறினாள் என்று இருக்கும். கடை முத்திரை வைத்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. கூட்டத்தை அழைத்து வந்தவன் நீ. உன் சொல் எடுபடும். தப்பு எங்கள்மேல் என்று முடிவானால் முதலில் போவது என் வேலை. என் மகள் சந்தியா இப்போதுதான் காலேஜில் சேர்ந்திருக்கிறாள்.

அடுத்த மாதம் நாற்பது நாள் ஷூட்டிங் உங்கள் மலையில்தான். பந்தல், ஜெனரேட்டர், சாப்பாடு எல்லாம் உனக்கே. அந்தப் பெண்ணுக்கும் ஏதாவது பார்த்துச் செய்யலாம்.

தியாகதுருகம் பஸ்ஸில் ஒன்றாகத் தொங்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போனவர்கள் நாம். எனக்காகச் செய்.

தமிழ்வேந்தன்


கள்ளக்குறிச்சி
14.8.2025

வேந்தா,

தாள் வந்தது. அவளிடம் இருப்பது பட்டன் போன். அதில் எப்படி செல்பி எடுப்பது என்று எனக்கும் சொல்லிக்கொடு.

அன்று அவளை வேனில் ஏற்றிய கையோடு என்ன கேட்டாய்? "மச்சான், திருஷ்டி கழிக்கணும். ஒரு பூசணிக்கா கெடைக்குமா?" வெள்ளிமலைக்கு வண்டி அனுப்பி வாங்கிக் கொடுத்தேன். அவள் விழுந்த பாறைக்குப் பக்கத்திலேயே உடைத்தீர்கள். அரை மணியில் மறுபடி ஷூட்டிங். அவள் இடத்தில் ஓட இன்னொருத்தியை நிறுத்தியவனும் நான்தான். எது கேட்டாலும் உடனே கொடுத்தால்தான் அடுத்த ஆர்டர் வரும் என்று பழகிவிட்டது. களைப்பாக இருக்கிறது, வேந்தா. உன்னைத் திட்டக்கூடத் தெம்பில்லை.

உன் வேலை போகலாம். என் நாற்பது நாளும் போகும். தெரிந்துதான் எழுதுகிறேன். உன் தாளை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். நடந்ததை நடந்தபடி எழுதி, குழுவுக்கு நேற்றே பதிவுத் தபாலில் போட்டாயிற்று.

போடுவதற்கு முன் ஆஸ்பத்திரிக்குப் போய் மலர்விழிக்குப் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். "எல்லாம் சரிண்ணே. ரெண்டு தபா ஓடுன பொறவு, வழுக்குது, நான் மாட்டேன்னு சொன்னேனே, அத்த வுட்டுட்டீங்களே" என்றாள்.

உன்னிடம் சொல்லவில்லை, வேந்தா. என்னிடம்தான் சொன்னாள். "இன்னும் ஒரே ஒரு தபாம்மா" என்று அனுப்பியவன் நான்.

அதையும் எழுதித்தான் கையெழுத்துப் போட்டேன்.

தனசேகரன்