ஊதியது நான் இல்லை

இன்று காலை மூக்குக்கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டிருந்தேன். சட்டென்று நீ முன்னால் வந்து நின்றாய். சாக்ஸபோனை என்னிடம் கொடுக்கும் முன்பு, வாயில் வைக்கும் முனையை இப்படித்தானே துடைப்பாய், சட்டை நுனியை விரலில் சுற்றிக்கொண்டு? உன்னிடம் கொடுக்கும்போது நான் ஒரு நாளும் துடைத்ததில்லை. என் எச்சிலோடுதான் நீ ஊதினாய். அதை ஒரு தடவைகூடச் சொல்லிக் காட்டியதில்லை, பாவி.

டேய், உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். நீ உயிரோடு இருந்தால் கேட்டுவிட்டு ஓர் அறை விட்டிருப்பாய், அதோடு முடிந்திருக்கும். அறைய நீ இல்லாததால் எழுதுகிறேன்.

போன மாதம் உன் மகள் என்னைத் தேடி இங்கே கோலசிலாங்கூருக்கு வந்தாள். அவள் தவழ்ந்துகொண்டிருந்தபோதே பத்தாங் பெர்ஜுந்தை சாலையில் உன் மோட்டார் சைக்கிளை லோரி அடித்துவிட்டது. இப்போது அவளுக்குத் தலை நரைத்துவிட்டது. ரவாங்கில் தொழிற்சாலை வேலை, சுங்கை சோவில் வீடு. கையில் ஒரு கேசட், போட்டுக் கேட்க அவளிடம் பிளேயர் இல்லை.

எஸ்டேட் கிளப் பாரில் நின்ற சீனரை உனக்கு மறந்திருக்காது. சனிக்கிழமை சாயங்காலம் துரைமார் ஆட நாம் ஜாஸ் வாசிப்போம், அவர் தன் ஆசைக்கு அதை டேப்பில் பிடித்து வைப்பார். கடைசிக் காலத்தில் பாகான் நக்கோடா ஓமாரில் மகன் வீட்டோடு இருந்து இறந்துபோனாராம். அலமாரியை ஒழித்த மகன் இந்தக் கேசட்டைப் பார்த்து, ஃபேஸ்புக்கில் விசாரித்து, உன் மகளிடம் சேர்த்திருக்கிறார். மேலே கிளப்பின் பெயர் மட்டும் எழுதியிருந்தது. யார் வாசித்தது, என்றைக்கு வாசித்தது, ஒன்றும் கிடையாது.

"அங்கிள், எனக்கு அப்பா முகமே ஞாபகம் இல்ல. போட்டோவுல பாத்ததுதான். இதுல அப்பா எதுன்னு மட்டும் சொல்லுங்க, போதும்லா" என்றாள்.

வேறு யாரிடம் போவாள்? பியானோக்காரர் போய்விட்டார், டிரம்ஸ் அடித்தவனும் போய்விட்டான். மிஞ்சியது நான் ஒருவன். அதுவும் ஊருக்குத் திரும்பிய துரை விட்டுப்போன ஒரே சாக்ஸபோனை நாம் இருவரும் மாற்றி மாற்றி ஊதியவர்கள். கருவி ஒன்று, சத்தமும் ஒன்று. எப்பேர்ப்பட்ட வித்வான் கேட்டாலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் எனக்குத் தெரியும். நான் அவசரக்காரன், தாளம் வந்து சேருமுன்னே பாய்ந்துவிடுவேன். நீ வேண்டுமென்றே பிந்துவாய். டிரம்ஸ்காரன் பயந்துபோய் உன்னைத் திரும்பிப் பார்க்கும்வரை சும்மா நின்றுவிட்டு, அப்புறம்தான் முதல் சுரத்தை விடுவாய். கேட்டால், "தொரைங்க எங்க ஓடிறப் போறாங்க?" என்பாய்.

என் பழைய பிளேயரில் கேசட்டைப் போட்டேன். முதலில் வேகமான ஒரு பாட்டு. அது நான். நடுவில் மிதிபட்ட கோழி மாதிரி ஒரு கீச்சு வேறு. அடுத்து மெதுவான ஒன்று. டிரம்ஸ் போய்க்கொண்டே இருந்தது, சாக்ஸபோனைக் காணவில்லை. பிறகு நீ வந்தாய். எப்பா, என்ன வாசிப்புடா அது! உன் மகள் கையிலிருந்த தேநீரைக் குடிக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அவள் கண் கலங்கிவிட்டது.

"எவ்ளோ அழகா இருக்கு. இது யாரு அங்கிள்?"

"நான்தான்" என்றேன்.

வாய் தவறி வந்தது என்று சொல்ல மாட்டேன். தெரிந்தேதான் சொன்னேன். கண் கலங்கி ஒருத்தி என்னைப் பார்த்து அழகு என்கிறாள். இத்தனை வருஷம் ஊதியும் எனக்கு அப்படி ஒரு பார்வை கிடைத்ததில்லை. அது எனக்கே இருக்கட்டும் என்று நினைத்துவிட்டேன். பாட்டு முடிந்ததுமே பொத்தானை அமுக்கி நிறுத்தினேன். அடுத்து உன் குரல் வந்துவிடுமோ என்ற பயம்.

"அப்ப மொதல்ல வந்ததுதான் அப்பாவா?"

தலையாட்டினேன். அதை மறுபடி ஓடவிட்டுக் கைப்பேசியில் பதிந்துகொண்டாள். "அந்தக் கீச்சுகூட நல்லாத்தான் இருக்கு" என்று சிரித்தாள். மீதியையும் கேட்டு, என்றைக்கு வாசித்தது என்று கண்டுபிடித்துச் சொல்லும்படி கேசட்டை என்னிடமே விட்டுப்போனாள்.

முந்தாநாள் உனக்குப் படையல். என்னையும் அழைத்திருந்தாள், வெட்கங்கெட்டவன், போனேன். உன் படத்துக்கு மாலை, முன்னால் வாழையிலை, அதில் நெத்திலிச் சம்பல். எல்லாரும் கும்பிட்டு முடித்ததும் உன் மகள் கைப்பேசியைப் படத்துக்குப் பக்கத்தில் வைத்து அமுக்கினாள். உனக்கு முன்னால் என் கீச்சு ஒலித்தது. வந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். உன் மருமகன் என் பக்கம் குனிந்து, "மாமா பின்னியிருக்காரு, இல்ல?" என்றார். வாயில் வடையை வைத்துக்கொண்டு ஆமாம் என்றேன். நீ படத்தில் எப்போதும்போலச் சிரித்துக்கொண்டிருந்தாய்.

வீட்டுக்கு வந்ததும் கேசட்டை எடுத்து, நிறுத்திய இடத்திலிருந்து ஓடவிட்டேன். கைதட்டல், கண்ணாடி கிளாஸ்கள் இடிபடும் சத்தம். பிறகு நீ கத்தினாய்.

"எம் பொண்ணுக்குடா இது! கெர்லிங்லேருந்து இப்பத்தான் போன் வந்துச்சு. பொம்பளப் புள்ள!"

எனக்கு அடியோடு மறந்துபோயிருந்தது. தலைப்பிரசவத்துக்கு உன் மனைவி கெர்லிங்கில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். போன் இருந்தது கிளப்பில்தான். என்றைக்கு வாசித்தது என்று கேட்டாளே, அவள் பிறந்த அன்றைக்கு. அவளுக்காக நீ ஊதியதைத்தான் அவள் முகத்தைப் பார்த்து என்னுடையது என்று சொல்லியிருக்கிறேன். தூ, நானெல்லாம் ஒரு மனுஷனா?

நேற்று பிளேயரைத் தூக்கிக்கொண்டு சுங்கை சோவுக்குப் போனேன். வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று யோசித்துவைத்தது வாசலில் மறந்துபோயிற்று.

"அன்னிக்குப் பொய் சொல்லிட்டேம்மா. மெதுவா வந்தது நான் இல்ல, உங்கப்பா. படையல்ல போட்டீங்களே, அது நான்."

"ஏன் அங்கிள்?" என்றாள்.

"பொறாமைம்மா. அவன் போயும் எனக்கு அது போகல."

அவள் என்னை உட்காரச் சொல்லவில்லை. பிளேயரை மேசைமேல் வைத்துப் பொத்தானை அமுக்கினேன். நீ ஊதி முடித்தாய். கைதட்டல் வந்தது. "எம் பொண்ணுக்குடா இது!" என்ற உன் குரல் வந்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தன் அப்பா பேசி அவள் கேட்பது அதுதான் முதல் தடவை. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நான் அங்கேயே நிறுத்தியிருக்கலாம். விரல் பொத்தான் வரைக்கும் போயிற்று. இந்தத் தடவை நிறுத்தவில்லை.

உன் குரலுக்குப் பின்னால் இன்னொரு குரல், சிடுசிடுவென்று. "சரி சரி, போதும். குடு இங்க, என் மொற."

ஒரு வாழ்த்து இல்லை. தாயும் பிள்ளையும் எப்படி இருக்கிறார்கள் என்று ஒரு வார்த்தை இல்லை. நீயோ சிரித்துக்கொண்டே "இந்தா" என்கிறாய். அதற்கு முன் கொஞ்சம் இடைவெளி இருக்கிறது. அதில் நீ என்ன செய்தாய் என்று டேப்புக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். மகள் பிறந்த சந்தோஷத்திலும் எனக்காகத் துடைத்தாய். நீ துடைத்துக் கொடுத்த அந்த ஈரமில்லாத முனை இன்னமும் என் உதட்டில் இருக்கிறதுடா.

உன் மகள் தலையைத் தூக்கினாள். "இது யாரு?" என்று கேட்டாள். அங்கிள் என்று சொல்லவில்லை.

"நான்தான்" என்றேன்.