ரோட்டில் நின்று வாங்கிய போன்

ஞாயிற்றுக்கிழமை காலை தலையணையைத் தூக்கிப் பார்த்தால், போனின் முதுகு பிளந்து கிடந்தது. உள்ளே பேட்டரி பூரி மாதிரி உப்பி, பின்மூடியை நெம்பித் தள்ளியிருந்தது. நாம் இரண்டு பேரும் போய் வாங்கிய அதே நீலப் போன்தான். படப்பையில் ரிப்பேர் கடைக்காரரிடம் கொண்டுபோனேன். அவர் அதைச் செத்த எலியைத் தூக்குவது போல இரண்டு விரலால் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, இனிமேல் இதைச் சார்ஜில் போடவே கூடாது என்று கையை ஆட்டினார். அந்த மாடலுக்குப் பேட்டரியும் இப்போது வருவதில்லையாம். அதிலிருந்த உன் படங்களையும் நீ அனுப்பிய செய்திகளையும் தம்பி போன மாதமே எடுத்து வைத்துவிட்டான், பதறாதே. நான் பதறியது வேறொன்றுக்கு. வியாழக்கிழமை எனக்கு லைன் லீடர் இன்டர்வியூ.

ஆமாம், மறுபடியும்.

ஒன்பது வயதில் வந்த காய்ச்சலில் என் காது போனது. பேச்சு மட்டும் தங்கிவிட்டது. அது எப்படி ஒலிக்கிறது என்று எனக்குத் தெரியாது; எதிரில் இருப்பவர்கள் முகத்தைப் பார்த்துத்தான் சத்தத்தைக் கூட்டுவேன், குறைப்பேன். வீட்டில் இருப்பவர்களின் உதடு எனக்குப் பழக்கம். வெளியாட்கள் என்றால் போன்தான். அவர்கள் பேசப் பேச அது எழுத்தாகக் காட்டும். அந்த நீலப் போன் கடைசி ஒரு வருடமாக அந்த வேலையை மூச்சுவாங்கிக்கொண்டுதான் செய்தது. கேள்வி திரையில் வந்து நிற்கும்போது கேட்டவர் எழுந்து போயிருப்பார்.

நீ ஓரகடத்துக்கு வந்த புதிதை நினைத்துக்கொள்கிறேன். வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து வந்து, குன்றத்தூரில் நாலு பெண்களோடு ரூம் எடுத்துத் தங்கியிருந்தாய். கார்களுக்கு வயர்களைக் கட்டுக்கட்டாகச் சேர்க்கும் நம் லைனில் எனக்கு அடுத்த இடம் உனக்கு. மூன்று நாள் நீ கூப்பிட்டிருக்கிறாய். நான் திரும்பவே இல்லை. நான்காம் நாள் யாரோ விஷயத்தைச் சொல்லியிருக்கிறார்கள். கம்பெனி பஸ்ஸில் வந்து என் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்து, உன் போனில் டைப் அடித்து என் மூக்குக்கு நேராக நீட்டினாய்.

"ஏட்டி, காது கேக்காதுன்னா மொதல்லயே சொல்ல வேண்டியதுதான? திமிரு புடிச்ச கழுதைன்னுல்லா நெனச்சேன்."

எனக்குக் காது கேட்காது என்று தெரிந்ததும் எல்லோரும் முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்வார்கள். திட்டியவள் நீ ஒருத்திதான். அந்தப் பஸ்ஸிலேயே நாம் சிநேகிதமாகிவிட்டோம். அதற்குப் பிறகு நீ எனக்கு எத்தனையோ அடித்துக் காட்டியிருக்கிறாய். மீட்டிங்கில் மேனேஜர் சொல்வது, கேன்டீனில் யார் யாரைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பது, ஒரு ஞாயிற்றுக்கிழமை செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் நின்றபோது மதகுத் தண்ணீரின் சத்தம் எப்படி இருக்கிறது என்பது. "ஷிப்டு முடிஞ்சதும் எல்லாரும் ஒண்ணா கத்துவாளுவல்லா, அந்த மாதிரி" என்று எழுதியிருந்தாய். நான் அந்தத் தண்ணீரையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீலப் போன் வாங்கிய நாள் மட்டும் எனக்கு இன்றைக்கும் கூச்சம் தரும். கடையில் நீதான் பேசினாய். உனக்கு என்ன வேண்டும் என்று என்னைத் திரும்பித் திரும்பிக் கேட்டாய். நான் ஒவ்வொரு முறையும் "எதுவானாலும் சரி" என்றேன். கடைக்காரர் கேமராவைப் பற்றியே சொல்லி ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டார். வெளியே வந்ததும் நீ அடித்துக் காட்டினாய்: "எதுனாலும் சரின்னு சொல்லுதவளுக்கு எவன் நல்லதக் குடுப்பான்?" நான் சிரித்து மழுப்பினேன்.

அந்த வருடமே லைன் லீடர் இடம் காலியாகி என் பெயரும் போனது. என்னோடு துணைக்கு உன்னையும் உள்ளே விட்டார்கள். மேனேஜர் என்னைப் பார்க்கவே இல்லை, உன்னைப் பார்த்துத்தான் கேட்டார். நீ எனக்கு அதை அடித்துக் காட்டினாய்: "இவங்களால முடியுமான்னு என்கிட்ட கேக்காரு. அவகிட்ட கேளுங்க சாருன்னுட்டேன். சொல்லு." மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த மூன்று பேரும் என் வாயையே பார்த்தார்கள். சுவரில் இருந்த கடிகாரத்தையும் பார்த்தார்கள். நான் "முடியாது சார்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

மூன்று நாள் பஸ்ஸில் வேறு சீட்டில் உட்கார்ந்தாய். நான்காம் நாள் வந்து எழுதிக் காட்டினாய்: "முடியாதுன்னு சொன்னதுகூடப் பரவால்ல. அவங்க கேக்கதுக்கு முன்னாலயே ஒம் மூஞ்சி முடியாதுன்னு சொல்லிட்டுது. அதத்தாம்ட்டி தாங்க முடியல." பிறகு நீயே என் டிபன் பாக்ஸைப் பிடுங்கித் திறந்து சாப்பிட்டாய். சண்டை முடிந்தது. ஆறு மாதம் கழித்து அண்ணன் கல்யாணத்துக்கு ஊருக்குப் போனாய். காய்ச்சல் என்று ஒரு செய்தி அனுப்பினாய். அதற்குப் பிறகு உன் போனிலிருந்து வந்த செய்தியை உன் அண்ணன்தான் அனுப்பியிருந்தார்.

அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. இந்த வாரம் நடந்ததைத்தான் சொல்ல வந்தேன்.

திங்கட்கிழமை ஷிப்ட் முடிந்து ஸ்ரீபெரும்புதூருக்குக் கிளம்பினேன். தம்பி வாசலிலேயே மறித்தான். "நீ ஒண்டியா போய் இன்னா பேசுவ? நான் வரேன்." அம்மாவும் தலையை ஆட்டினாள். "அவன் சொல்றதும் சரிதானே, வூட்ல ஆம்பள இருக்க சொல்லோ?" நான் செருப்பை மாட்டிக்கொண்டே, "போன் எனக்குத்தானே? நானே பேசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினேன். தம்பியின் போனை மட்டும் கடனாக வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

கடையில் என் வயதுடைய தாடிக்காரர் ஒருவர் வந்தார். கண்ணாடிப் பெட்டிமேல் ஒரு பெரிய போனை வைத்து வாயைத் திறந்தார். தம்பியின் போனில் எழுத்து ஓடியது: மேடம் இது செல்பிக்கு செம்மையா இருக்கும், நைட்ல எடுத்தாலும் மூஞ்சி பளிச்சுனு வரும். நான் கையை உயர்த்தி நிறுத்தினேன்.

"எனக்குக் காது கேக்காது. கேமரா எனக்குத் தேவையில்ல. எங்க கம்பெனி கேட்ல கேமரா மேல ஸ்டிக்கர் ஒட்டித்தான் உள்ள வுடுவாங்க. நீங்க பேசறது எனக்கு உடனே எழுத்தா வரணும். தமிழ்ல வரணும். பக்கத்துல லாரி போனாலும் வரணும். வைப்ரேஷன் தலகாணிய தாண்டி என்ன எழுப்பணும். வெயில்ல ஸ்க்ரீன் தெரியணும். நடுத்தர விலையில இதெல்லாம் எதுல இருக்கோ அத காட்டுங்க."

என் சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது போல. கடையில் இருந்த எல்லாரும் திரும்பினார்கள்.  அவர் அந்தப் பெரிய போனை உள்ளே வைத்துவிட்டு, மூன்று போன்களை எடுத்து வரிசையாக வைத்தார்.

உள்ளே மூன்றுமே ஒழுங்காக எழுதின. ஏசி ஓடும் அறையில் எந்தப் போன்தான் எழுதாது? "வெளிய வாங்க" என்றேன். அவர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி போ என்று தலையசைத்தார். கன்டெய்னர் லாரிகளும் கம்பெனி பஸ்களும் போய்க்கொண்டே இருக்கும் ரோட்டோரத்தில் மூன்று போன்களையும் கையில் ஏந்தி நானும் அவரும் நின்றோம். "எதனா பேசுங்க" என்றேன்.  அவர் வானத்தைப் பார்த்து ஏதோ சொன்னார்.

முதல் போன் 'மழை வர மாதிரி கீதா' என்று எழுதியது. இரண்டாவது போனில் 'மழை' மட்டும் வந்தது. ஒரு லாரி போனதும் அதுவும் அழிந்து, 'வேலை கீழே' என்று மாறியது. மூன்றாவதைப் பார்த்தேன். 'மழை வர மாதிரி கீது அக்கா சீக்கிரம் பாரு.'

"யாருங்க அந்த கீதா?" என்று முதல் போனைக் காட்டினேன். அவர் குனிந்து படித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

இன்னும் பத்து நிமிடம் அவரை விடவில்லை. வேகமாகப் பேசச் சொன்னேன், முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசச் சொன்னேன், நாலடி தள்ளிப் போய்ப் பேசச் சொன்னேன். மூன்றாவது ஒவ்வொரு முறையும் அவர் வாய் மூடுவதற்குள் எழுதி முடித்தது. மூன்றில் விலை கூடியது அந்த இரண்டாவதுதான். அதுதான் மோசமாக எழுதியது. உள்ளே வந்ததும் மூன்றாவதை சோபா மெத்தைக்கு அடியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டு, அலாரம் அடிக்க விடச் சொன்னேன். முதுகுத்தண்டு வரைக்கும் உதறியது. எழுந்தேன். "இதுதான்" என்றேன்.

பில் போடும்போது அவர் என் புதுப் போனைப் பார்த்தே பேசினார். "அக்கா, நானும் மூணு வருஷமா போன் விக்கிறேன். ஒருத்தர்கூட ரோட்டுக்கு எடுத்துகினு போய் பாத்ததில்ல. எந்தப் போனு எப்படின்னு எனக்கே இன்னைக்குத்தான் தெரிஞ்சுது."

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வீடு வரைக்கும் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். உட்கார இடம் இருந்தது. உட்காரத் தோன்றவில்லை.

வியாழக்கிழமை அதே அறை, அதே கடிகாரம். மேனேஜரும் அதே ஆள். பக்கத்தில் புதிதாக வந்திருக்கும் எச்.ஆர். மேடம், அந்தப் பக்கம் குவாலிட்டியிலிருந்து ஒருவர். நான் போனை மேஜை நடுவில், எழுத்து என் பக்கம் பார்க்கும்படி வைத்தேன். அவர்கள் ஆரம்பிப்பதற்குள் நானே ஆரம்பித்தேன். "எனக்குக் காது கேக்காது. நீங்க பேசறது இதுல வரும். ஒருத்தர் பேசின பிறகு ஒருத்தர் பேசுங்க. என்னைப் பார்த்துப் பேசுங்க."

எச்.ஆர். மேடம் நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். கேள்விகள் வந்தன. ஆள் வராத நாளில் லைனை எப்படி ஓட்டுவாய், தப்பு வயர் மாட்டியது தெரிந்தால் என்ன செய்வாய், இரண்டு பேர் சண்டை போட்டால் யாரை மாற்றுவாய். எல்லாம் நமக்குத் தெரிந்தவை. பஸ்ஸில் எத்தனை நாள் நம் லைன் லீடரைக் குறை சொல்லி இதையெல்லாம் பேசியிருக்கிறோம்! கேள்வி முடிந்த நொடியில் பதில் சொன்னேன்.

அப்போதுதான் அது நடந்தது. நான் குவாலிட்டிக்காரருக்குப் பதில் சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தேன். மேனேஜர் கையால் வாயை மறைத்துக்கொண்டு மேடம் பக்கம் சாய்ந்தார். உதடு தெரியவில்லை. ஆனால் திரையில் எழுத்து ஓடியது.

நல்லாதான் சொல்றாங்க, ஆனா ஒரு அவசரம்னா இவங்கள எப்படி கூப்பிடுறது, ரிஸ்க் மேடம்.

இரண்டு தடவை படித்தேன். போன தடவையாக இருந்தால் என் முகம் அங்கேயே கவிழ்ந்திருக்கும். இந்தத் தடவை எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் பொங்கியது, நம்புவாயா? இத்தனை வருடம் என் காதுக்கு எட்டாமல் என் முன்னாலேயே பேசப்பட்ட எல்லாவற்றிலும், இது ஒன்று என் கைக்கு வந்துவிட்டது. பதில் சொல்லலாம்.

"சார், இப்ப மெதுவா சொன்னீங்களே, அதுக்கும் பதில் சொல்லட்டுமா?"

அவர் கை வாயிலிருந்து இறங்கியது. நான் போனைத் திருப்பி அவருக்குக் காட்டினேன்.

"மிஷின் ஓட சொல்லோ நம்ம லைன்ல காது கேக்கறவங்களுக்கும் ஒண்ணும் கேக்காது சார். லைன் நின்னா மேல சிவப்பு லைட்டு எரியும், அத பாத்துத்தான் எல்லாரும் ஓடறாங்க. நானும் பாப்பேன். போன மாசம் மூணாவது மிஷின்ல பொக வந்தப்போ அங்க முப்பத்தஞ்சு பேரு காதோட இருந்தாங்க. ஓடிப் போய் சுவிட்ச அமுத்தினது யாருன்னு ரெஜிஸ்டர்ல எழுதியிருக்கு. எடுத்துப் பாருங்க."

மேடம் கம்ப்யூட்டரில் அந்த ரெஜிஸ்டரைத் திறந்து தேடினார். பிறகு திரையை மேனேஜருக்குக் காட்டினார். அவர் அதைப் படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒளிக்காமல், என்னை நேராகப் பார்த்து, வாயை நன்றாகத் திறந்து சொன்னார். போனைப் பார்க்காமலேயே எனக்குப் புரிந்தது.

"சாரிம்மா. நான் கேட்டது தப்பு. எப்ப ஜாயின் பண்றீங்க?"

"நாளைக்கே சார்" என்றேன்.

வெளியே வந்ததும் நம் லைன் பெண்கள் கதவுப் பக்கத்திலேயே நின்றிருந்தார்கள். நான் கட்டை விரலை உயர்த்தினேன். அவர்கள் என்ன கத்தினார்கள் என்று தெரியாது. செக்யூரிட்டி ஓடி வந்ததைப் பார்த்தால் பெரிய சத்தமாகத்தான் இருந்திருக்கும்.

போன் நல்ல போன்தான். ஆனால் லைனில் அது அதிகம் தேவைப்படுவதில்லை. நீ ஒன்று விட்டுவிட்டுப் போயிருக்கிறாய், உனக்கு ஞாபகம் இருக்கிறதோ என்னவோ. வாய் நிறைய "ஏட்டி" என்று கூப்பிட்டே பழகியவள் நீ. எனக்கு அது கேட்காது என்பதில் உனக்கு ஆற்றாமை. ஒரு நாள் கேன்டீனில் இரண்டு விரலைத் தாடைக்கு அடியில் வைத்துச் சுண்டிக் காட்டி, இனிமேல் இதுதான் ஏட்டி என்றாய். நான் உன்னைப் பார்த்துச் சுண்டினேன். சிரிப்பில் உனக்குப் புரையேறியது.

நேற்று லைன் லீடராக என் முதல் நாள். ஆறாவது மேஜையில் போன வாரம் சேர்ந்த செய்யாற்றுப் பெண் ஒருத்தி. வயர் தீர்ந்துவிட்டது. அவளுக்கு எதிரே ஒடிசாவிலிருந்து வந்த பெண். இருவருக்கும் பொதுவாக ஒரு பாஷையும் கிடையாது. செய்யாற்றுப் பெண் இரண்டு விரலைத் தாடைக்கு அடியில் வைத்துச் சுண்டினாள். எதிரே இருந்தவள் உடனே நிமிர்ந்து வயர்க் கட்டை எடுத்து நீட்டினாள். என்னைப் பார்த்துப் பழகி முப்பத்தாறு பேரும் அப்படித்தான் கூப்பிட்டுக்கொள்கிறார்கள். எல்லாரும் நீ போன பிறகு சேர்ந்தவர்கள், யாருக்கும் உன்னைத் தெரியாது. தாங்கள் சொல்வது வள்ளியூர்த் தமிழ் என்பதும் தெரியாது.

உன் குரலை நான் ஒரு நாளும் கேட்டதில்லை. நேற்று ஷிப்ட் முடியும்வரை அது லைன் முழுக்க ஓடிக்கொண்டே இருந்தது. பன்னிரண்டாவது மேஜையிலிருந்து ஒருத்தி என்னைப் பார்த்துச் சுண்டினாள். என்னட்டி என்று கேட்டுக்கொண்டே போனேன்.