அது கூகைக்கட்டில்லை, அப்பா

பொலிகண்டி,
சனிக்கிழமை.

அன்பின் அப்பாவுக்கு,

நீங்கள் கப்பலில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எங்கள் சுகத்தைப் பற்றி அம்மா போனில் சொன்னது முழுவதும் உண்மையில்லை. கடலில் நிற்கிறவருக்கு வீட்டு நோயைச் சொல்லக் கூடாது, வேலையில் கவனம் பிசகிவிடும் என்று என்னையும் சொல்லவிடவில்லை. இதை நிரோஜினி ரீச்சரின் மின்னஞ்சலில் அம்மாவுக்குத் தெரியாமல் அனுப்புகிறேன்.

ஆவணியில் தம்பி யதுசனுக்கு வலப்பக்கத் தாடை வீங்கியது. அவனுடைய வகுப்பில் சிலருக்குக் கூகைக்கட்டு வந்திருந்ததால் இதுவும் அதுதான் என்று எல்லோரும் நினைத்தோம். கூகைக்கட்டுக்குத் தங்கம் போட்டால் வற்றும் என்று அம்மா தன் தங்கச் சங்கிலியைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டா. கிழமைக்கணக்காகப் பார்த்தும் வீக்கம் வற்றவில்லை.

பிறகு கடைவாய்ப் பல் ஆடியது. விழுந்தால் கூரையில் எறியலாமென்று புளுகத்தில் துள்ளிக்கொண்டு திரிந்தான். பள்ளிக்கூடத்துக்குப் பல் பார்க்க வந்த மிஸ்தான், ஆறு வயதில் இந்தப் பல் ஆடக் கூடாதே என்று உடனே யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினா. அங்கே படம் எடுத்தார்கள். தாடை எலும்பில் சிறு துண்டு எடுத்துச் சோதித்தார்கள். லிம்போமா என்றார்கள். அது ஒரு புற்றுநோய். நான் நூலகத்தில் தேடி வாசித்தேன். அப்பா, நீங்கள் தேட வேண்டாம்.

இப்போது தெல்லிப்பளைப் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றுகிறார்கள். இது வேகமாக வளர்கிற வகை, மருந்துக்கும் வேகமாகக் கரையும் என்று டொக்டர் சொன்னார். முதல்முறை ஏற்றியதும் வீக்கம் நன்றாக வற்றியது. தலைமுடியும் கொட்டிவிட்டது. தனக்கும் அப்பாவுக்கும் இப்ப ஒரே தலை, ஆனால் தன்ரைதான் வடிவு என்று தாதிமாருக்கெல்லாம் சொல்லிச் சிரித்தான்.

இரண்டாம்முறைக்குப் பிறகு காய்ச்சல் பிடித்துவிட்டது. இரத்தத்தில் கிருமிகளை எதிர்க்கிற வெள்ளைக் கலங்கள் மிகவும் குறைந்துவிட்டனவாம். வாய் முழுதும் புண். தண்ணீர் விழுங்கவும் அழுகிறான். நேற்று டொக்டர் அம்மாவை வெளியே கூப்பிட்டு, அப்பா, நீங்கள் எப்போது ஊருக்கு வருவீர்கள் என்று கேட்டார். அதற்கு முன் ஒருவரும் அப்படிக் கேட்டதில்லை.

அம்மா சாப்பிடுவதில்லை. சங்கிலியைப் போட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்த அந்தக் கிழமைகளையே சொல்லிச் சொல்லி அழுகிறா. அந்த மனிசனின்ரை முகத்தில் எப்படி முழிப்பேன் என்கிறா. உங்களுக்கு மறைத்தது கடலுக்குப் பயந்து மட்டுமில்லை என்று எனக்கு இப்போது விளங்குகிறது.

அப்பா, நீங்கள் கோபக்காரர் இல்லை. ஆனாலும் கேட்கிறேன். அம்மாவுக்குப் போன் எடுங்கோ. ஏன் பிந்தினனீர் என்று மட்டும் கேட்காதேங்கோ. சாப்பிட்டனீரோ என்று கேளுங்கோ. கப்பல் எந்தத் துறைமுகத்தைப் பிடித்தாலும் இறங்கி வாங்கோ.

சந்நிதி முருகன் உங்களைக் கெதியாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள் அன்பு மகள்,
நிவேதனா